எழுதியவர் பெயர்: தனேஸ்வரன்

இந்த வருஷம் எங்கள் வீட்டு ரம்புத்தான் மரம் தாராளமாகக் காய்த்திருக்கிறது. புந்தோங்கில் எங்கள் வரிசையில் உள்ள எல்லா வீட்டுக்கும் ஒவ்வொரு பை கொடுத்துவிட்டோம். என் மனைவி எல்ஸிக்கு ரம்புத்தான் என்றால் உயிர். ஆனால் சிறுநீரகம் போனவர்களுக்குப் பழத்தில் இருக்கும் பொட்டாசியம் ஆகாது, நெஞ்சை நிறுத்திவிடும். அதனால் ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் பூசை முடிந்து வந்ததும் அவளுக்கு ஒரே ஒரு பழம். அதை அரை மணி நேரம் வாயில் வைத்திருப்பாள். கொட்டையைத் துப்பச் சொன்னால் சின்னப் பிள்ளை மாதிரித் தலையை ஆட்டுவாள்.

நோயாளியைப் பற்றி முதலில் எழுதுங்கள் என்று நீங்கள் சொன்னதால் இங்கிருந்து தொடங்கினேன், பிரமிளா மேடம். தமிழிலேயே எழுதலாம், உறுப்பு மாற்றுக் குழுவுக்கு நீங்களே மொழிபெயர்த்துக் கொடுப்பீர்கள் என்றும் சொன்னீர்கள். அதற்கு நன்றி. மலாயில் எழுதியிருந்தால் அரைப் பக்கத்தோடு முடித்திருப்பேன்.

செவ்வாய்க்கிழமை நீங்கள் தனேஸ்வரனைத் தனியாக ஒரு மணி நேரம் விசாரித்தீர்கள். இரத்த உறவு இல்லாத ஒருவன் என் மனைவிக்குச் சிறுநீரகம் கொடுக்க முன்வருகிறான் என்றால் குழு விசாரிக்கத்தான் வேண்டும். நான் வெளியே நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். கதவைத் திறந்து வந்தபோது உங்கள் முகம் வாடியிருந்தது. அவன் உங்களிடம் சொன்னதை என்னிடம் திருப்பிச் சொன்னீர்கள். "நான் ஒரு உயிர எடுத்துட்டேன் மேடம். ஒண்ணு கொடுத்தாத்தான் எனக்குத் தூக்கம் வரும்."

குற்ற உணர்ச்சியில் தன்னைத் தானே தண்டித்துக்கொள்கிற ஆளிடமிருந்து உறுப்பை எடுக்கக் குழு சம்மதிக்காது என்றீர்கள். அவன் அம்மா சாவைப் பற்றி எனக்குத் தெரிந்ததை எழுதிக் கொடுங்கள், பார்க்கலாம் என்றீர்கள். இரண்டு நாள் யோசித்தேன். யோசித்ததில் ஒன்று தெளிவாயிற்று. குழுவுக்கு அந்தக் கவலை வேண்டியதில்லை. தனேஸ்வரன் எந்த உயிரையும் எடுக்கவில்லை. அதை உறுதியாகச் சொல்ல என்னைவிடத் தகுந்த ஆள் கிடையாது.

எல்ஸி வாரம் மூன்று நாள் போகும் இரத்தச் சுத்திகரிப்பு நிலையம் ஒரு தர்ம நிலையம். பதினான்கு நாற்காலி, ஒரு நாளைக்கு மூன்று ஷிப்ட். நோயாளி உள்ளே வந்ததும் எடை பார்ப்பார்கள். உடம்பில் தேங்கிய நீர் இல்லாமல் அவர் எவ்வளவு எடை இருக்க வேண்டும் என்று டாக்டர் ஏற்கெனவே எழுதி வைத்திருப்பார். வந்த எடையிலிருந்து அதைக் கழித்து, இன்று எவ்வளவு நீர் எடுக்க வேண்டும் என்று ஒரு சீட்டு அச்சாகும். தாதி அந்த எண்ணை இயந்திரத்தில் அழுத்துவார். அந்தச் சீட்டை அச்சடிக்கும் மென்பொருள் எங்களுடையது. பத்துப் பேர் சம்பளம் இல்லாமல் எழுதுகிறோம். பேராக்கில் இதே மாதிரி நான்கு நிலையங்களில் ஓடுகிறது. ஈப்போவில் நான், தஞ்சோங் மாலிமில் தனேஸ்வரன், மற்றவர்கள் அங்கங்கே. தனேஸ்வரன் அப்போது அங்கே கார்த் தொழிற்சாலையில் கணினிப் பிரிவில் இருந்தான்.

பத்துப் பேரிடமும் முழு நகல் இருக்கும். யார் எந்த வரியை மாற்றினாலும், எழுதியவர் பெயர், தேதி, ஏன் மாற்றினார் என்ற குறிப்பு எல்லாம் பதிவாகும். பத்துப் பேர் பத்து ஊரில் உட்கார்ந்து ஒரே நேரத்தில் எழுதினால் அந்த வரலாறு வேலிக்கொடி மாதிரிப் பின்னிக்கொள்ளும். அதைப் பிரித்து நேராக்குவதற்குப் பெயர் ரீபேஸ். ஒருவர் செய்த மாற்றங்களைக் கையோடு எடுத்து, மற்றவர்கள் செய்து முடித்ததற்கு மேலே, இப்போதுதான் எழுதியது போல வரிசையாக வைத்துவிடலாம். வைக்கும்போது இரண்டை ஒன்றாக்கலாம், முன்பின் மாற்றலாம், வேண்டாததை விட்டுவிடலாம். முடிந்த பிறகு பார்த்தால் எல்லாரும் ஒருவர் பின் ஒருவராக, தடுமாறாமல் எழுதியது போலவே இருக்கும்.

இதற்கு ஒரு விதி உண்டு. உன்னிடம் மட்டும் இருப்பதை எப்படி வேண்டுமானாலும் மாற்று, மற்றவர்கள் கைக்குப் போய்விட்டதைத் தொடாதே. எங்கள் திட்டத்தில் சேருகிறவர்களுக்கான விதிமுறையில் இதை முதல் வரியாக எழுதியவன் நான்தான்.

ஊருக்குத்தான் உபதேசம் என்பார்கள். ரீபேஸ் என்றால் எங்கள் ஆட்களுக்குப் பயம். கை தவறினால் ஒரு நாள் வேலை போய்விடும். அதனால் எல்லாரும் என்னிடம் தள்ளிவிடுவார்கள். "அண்ணே, கொஞ்சம் சீவி விட்டுருங்கலா" என்பார்கள். எல்லாரும் ரப்பர் மரம் சீவிய வீட்டுப் பிள்ளைகள், அந்தச் சொல் தானாக வந்து ஒட்டிக்கொண்டது. மாதக் கடைசியில் நான் உட்கார்ந்து மாதம் முழுவதையும் சீவுவேன், எல்லார் கையிலும் இருப்பதையும் சேர்த்துத்தான். பிறகு வாட்ஸ்அப்பில் போடுவேன்: சீவியாச்சு, பழைய நகலை அழித்துவிட்டுப் புதிதாக எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்து நிமிஷத்தில் ஒன்பது கட்டைவிரல் வரும். அழித்துவிடுவார்கள். எதை எதோடு சேர்த்தேன் என்று மூன்று வருஷத்தில் ஒருவர்கூடப் பார்த்ததில்லை. அவ்வளவு நம்பிக்கை. எனக்கும் அது பெருமையாகத்தான் இருந்தது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், பின்னால் நீங்கள் கேட்பீர்கள். ஒவ்வொரு மாற்றத்திலும் இரண்டு பெயர் பதிவாகும். ஒன்று எழுதியவர், மற்றொன்று ஏற்றியவர். ரீபேஸ் செய்தால் எழுதியவர் பெயர் அப்படியே நிற்கும், ஏற்றியவர் இடத்தில் ரீபேஸ் செய்தவர் பெயர் வரும். எங்கள் திட்டத்தில் எதைத் திறந்தாலும் ஏற்றியவர் சில்வெஸ்டர் என்று என் பெயர்தான் இருக்கும். எல்லாவற்றிலும் இருக்கிற பெயரை யாரும் படிப்பதில்லை.

போன ஆகஸ்டில் நிலையத்தின் தலைமைத் தாதி சிஸ்டர் ஜூலியானா என்னிடம் குறைப்பட்டுக்கொண்டார். எடையைப் போடாமல் விட்டால் திரை சிவப்பாகி நின்றுவிடுகிறது, காலை ஷிப்டில் பதினான்கு பேர் காத்திருக்கும்போது பெரிய தொல்லையாக இருக்கிறது என்றார். நியாயமான குறை. எடை காலியாக இருந்தால் போன முறை எடையையே எடுத்துக்கொள் என்று ஒரு வரியை மாற்றினேன். பத்து நிமிஷ வேலை. சிஸ்டர் எனக்கு ஒரு டின் முறுக்கு கொடுத்து அனுப்பினார்.

அதே வாரம் அதே கோப்பில் தனேஸ்வரன் ஒரு மாற்றம் செய்தான். சீட்டின் எழுத்தைப் பெரிதாக்கினான். எழுத்து பொடிசாக இருக்கிறது, தாதி மிஸ்ஸிகள் கண்ணைச் சுருக்கிப் படிக்கிறார்கள் என்று அவன் அம்மா சொன்னாராம். அவன் அம்மா பாப்பாவும் அங்கேதான் நோயாளி. எல்ஸி ஆறாம் நாற்காலி, பாப்பா அத்தை ஏழாம் நாற்காலி. லகாட்டில் மூத்த மகன் சுரேன் வீட்டில் இருந்தார். பீடோர் தோட்டத்தில் என் அம்மாவும் அவரும் பக்கத்துப் பக்கத்து நிரையில் ரப்பர் பால் வெட்டியவர்கள். என்னை இடுப்பில் வைத்திருந்திருக்கிறார், எனக்குத்தான் ஞாபகம் இல்லை.

செப்டம்பரில் அத்தைக்கு இரண்டு நாள் வாந்தியும் வயிற்றுப்போக்கும். மூன்றாம் நாள் சக்கர நாற்காலியில் வந்தார். எடைக் கருவியில் ஏறி நிற்க முடியவில்லை. புதிதாக வந்த தாதி, பிறகு பார்க்கலாம் என்று எடையைக் காலியாக விட்டார். திரை நிற்கவில்லை. போன முறை எடையை எடுத்துக்கொண்டு, மூன்று லிட்டர் எடு என்று சீட்டு வந்தது, பெரிய எழுத்தில். எடுப்பதற்கு உடம்பில் ஒன்றும் இல்லாத மனுஷியிடமிருந்து இயந்திரம் மூன்று லிட்டர் எடுக்கப் பார்த்தது. இரத்த அழுத்தம் விழுந்துவிட்டது. பக்கத்து நாற்காலியிலிருந்து மிஸ்ஸி மிஸ்ஸி என்று கூப்பிட்டது எல்ஸிதான். மறுநாள் மருத்துவமனையில் அத்தை இறந்தார். நான் பாடைக்குத் தோள் கொடுத்தேன்.

ஒன்பதாம் நாள், வியாழக்கிழமை, தனேஸ்வரன் என் வீட்டுக்கு வந்தான். அந்தச் சீட்டைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருந்தான்.

"அம்மா ரெண்டு நாளா தண்ணிகூடக் குடிக்கல. மூணு லிட்டர் எங்கேருந்துண்ணே வந்துச்சு? நீங்கதான் பாத்துச் சொல்லணும். யாரா இருந்தாலும் விடமாட்டேன்லா. திங்கக்கெழமை போலீஸ்ல ரிப்போட் போடப்போறேன்."

பார்க்கிறேன் என்றேன். அவன் போனதும் பார்த்தேன். ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை.

மறுநாள் வெள்ளிக்கிழமை லீவு போட்டுவிட்டு ஒவ்வொரு நிலையமாகப் போன் போட்டேன். ஈப்போவில் ஆறு, கம்பாரில் ஒன்று, தாப்பாவில் ஒன்று. ஒரு நோயாளிக்கு இடம் இருக்கிறதா என்று மட்டும் கேட்டேன். எங்கும் இல்லை. ஒரு இடத்தில் எட்டு மாதம் காத்திருக்கச் சொன்னார்கள், இன்னொரு இடத்தில் அந்தப் பெண் பாவப்பட்டு, யாராவது இறந்தால் கூப்பிடுகிறேன் என்றாள். போலீஸ் வந்தால் சுகாதார அமைச்சு வரும், அமைச்சு வந்தால் விசாரணை முடியும்வரை கதவைப் பூட்டுவார்கள். நாற்பத்திரண்டு நோயாளிகள். எல்ஸி ஐந்து நாள் சுத்திகரிப்பு இல்லாமல் இருந்தால் நுரையீரலில் நீர் கோத்துவிடும். ஒரு தடவை தீபாவளி விடுமுறையில் மூன்று நாள் தள்ளிப்போனபோதே அவள் மூச்சுக்குத் தவித்ததைப் பார்த்திருக்கிறேன். உட்கார்ந்தபடியே சுவரைப் பிடித்துக்கொண்டிருந்தாள். நான் பயந்துபோனேன் மேடம். அவள் இல்லாமல் அந்த வீட்டில் எனக்கு என்ன இருக்கிறது?

சனிக்கிழமை காலையில் நிதானமாக யோசித்தேன். அந்த வரியை ஒரேயடியாக நீக்கிவிட முடியாது, ஏனென்றால் சீட்டு அவன் கையில் இருக்கிறது. அந்த எண் எங்கிருந்தாவது வந்திருக்க வேண்டும், அதை யாராவது எழுதியிருக்க வேண்டும். நான் எழுதினேன் என்றால் திங்கட்கிழமை ரிப்போர்ட். மற்ற எட்டுப் பேரில் யார் எழுதியிருந்தாலும் ரிப்போர்ட். ரிப்போர்ட் போடப்போகிறவனே எழுதியிருந்தால் மட்டும்தான் ரிப்போர்ட் இல்லை. பெற்ற பிள்ளை மேல் யார் வழக்குப் போடுவார்கள்? வேறு யாரை எழுதினாலும் அவர்கள் வாழ்க்கை போய்விடும். இவனை எழுதினால் ஒருவருக்கும் ஜெயில் கிடையாது, நிலையமும் மூடாது. இதைவிடக் குறைந்த சேதத்தில் வேறு வழி இருந்தால் குழு எனக்குச் சொல்லட்டும்.

மதியம் எல்ஸி சாப்பிட்டுவிட்டுப் படுத்தாள். நான் கூடத்தில் உட்கார்ந்து அந்த இரண்டு மாதத்தையும் சீவினேன். என்னுடைய வரியை எடுத்து, அவன் எழுத்தைப் பெரிதாக்கிய மாற்றத்தோடு ஒன்றாக்கினேன். இரண்டை ஒன்றாக்கும்போது முன்னால் இருப்பவர் பெயர்தான் நிற்கும், அதனால் அவனுடையதை முன்னே வைத்தேன். எழுதியவர் தனேஸ்வரன் என்று வந்தது. தேதியும் அவனுடையது. குறிப்பு, 'அம்மா சொன்னாங்க, சீட்டு எழுத்தைப் பெருசாக்கினேன்.' அந்தக் குறிப்பில் ஓர் எழுத்தைக்கூட நான் மாற்றவில்லை. பொய்யாக எதையும் எழுதிச் சேர்க்கவும் இல்லை. இருபது நிமிஷம் ஆயிற்று.

பிறகு வாட்ஸ்அப்பில் போட்டேன். அத்தை விஷயமாகப் பார்ப்பதற்குச் சுலபமாக இருக்கட்டும் என்று இந்த மாதம் முன்கூட்டியே சீவிவிட்டேன், எல்லாரும் புது நகல் எடுத்துக்கொள்ளுங்கள் என்று. கட்டைவிரல்கள் வந்தன. தனேஸ்வரனுடையதும் வந்தது. அவனுக்குத் தனியாகப் போன் போட்டு, நான் சொல்வதைவிட உன் கண்ணால் பார்த்தால்தான் மனசு ஆறும், நீயே பார் என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை நாங்கள் கோவிலிலிருந்து வந்து கொஞ்ச நேரத்தில் அவன் கூப்பிட்டான்.

"அண்ணே, இது நான் எழுதுனதா?"

"பேரு என்ன போட்டிருக்கு?"

"எம் பேருதாண்ணே." பிறகு, "எனக்கு ஞாபகமே இல்லையே" என்றான்.

"ஷிப்ட் முடிஞ்ச களைப்புல எழுதியிருப்ப. வுடு. நான்தான் பாத்திருக்கணும்."

இந்த முழு விவகாரத்திலும் நான் வாயால் சொன்ன பொய் அது ஒன்றுதான். அவன்தான் செய்தான் என்று நான் யாரிடமும் சொல்லவில்லை. நிலையத்தின் தலைவர் கனகராஜ் கேட்டபோதுகூட, பார்த்து ஏற்றியவன் நான், எனக்கும் பொறுப்பு இருக்கிறது என்றேன். அவர் என் தோளைத் தட்டிக்கொடுத்தார், இந்தக் காலத்தில் யார் இப்படி முன்வந்து ஒத்துக்கொள்கிறார்கள் என்றார். திரை பழையபடி சிவப்பாகி நிற்கும்படி அன்றைக்கே மாற்றிவிட்டேன். அதன் பிறகு நான்கு நிலையங்களிலும் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. இதையும் குழு கவனத்தில் கொள்ள வேண்டும்.

திங்கட்கிழமை ரிப்போர்ட் போகவில்லை. தனேஸ்வரன் அண்ணன் சுரேனைக் கூப்பிட்டு உட்கார வைத்துத் தானே சொல்லியிருக்கிறான். பதினாறாம் நாள் கருமாதிக்கு நானும் எல்ஸியும் லகாட்டுக்குப் போனோம். அம்மாவுக்குக் கொள்ளி வைத்த இளைய பிள்ளை அவன், சடங்குக்கு அவன்தான் உட்கார வேண்டும். உட்கார மாட்டேன் என்றுவிட்டான். ஐயர் இரண்டு தடவை கூப்பிட்டார். வீட்டுக்கு வெளியே, செருப்புகள் கிடந்த இடத்தில் நின்றான். சுரேன்தான் உட்கார்ந்து செய்தான். எல்ஸி தனேஸ்வரனிடம் போய் ஏதோ சொன்னாள். அவன் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "எனக்கு அந்தத் தகுதி இல்லக்கா" என்றான். எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. சாப்பிடாமல் வந்துவிட்டேன்.

அவன் மனைவி கலாதேவி நல்ல பெண். நான்கு மாதம் பொறுத்துப் பார்த்தாள். வேலையை விட்டுவிட்டு, ஒன்றும் பேசாமல், வீட்டுக் கணினியைத் துணி போட்டு மூடி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் அவள்தான் என்ன செய்வாள்? மகளைக் கூட்டிக்கொண்டு பீடோரில் தன் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். அவன் ஈப்போவுக்கு வந்தான், நிலையத்தின் வேன் ஓட்டுநராகச் சேர்ந்தான். பன்னிரண்டு வருஷம் கணினியில் இருந்தவன். விடிகாலையில் லகாட், பாப்பான், சிலிபின் என்று சுற்றி நோயாளிகளை ஏற்றிக்கொண்டு வருவான். நடக்க முடியாதவர்களைத் தூக்கி உட்கார வைப்பான். ஒவ்வொருவரும் எடைக் கருவியில் ஏறுவதைப் பக்கத்தில் நின்று பார்த்து, தாதி எண்ணை எழுதும்வரை நகர மாட்டான். சிஸ்டர் ஜூலியானா சொன்னார், இப்படி ஒரு ஓட்டுநர் இதுவரை வாய்த்ததில்லை என்று. ஒரு கோணத்தில் பார்த்தால் நிலையத்துக்கு நல்லதே நடந்திருக்கிறது.

எல்ஸியின் உடம்புதான் மோசமாகிக்கொண்டே வந்தது. கையில் ஊசி குத்தும் நரம்பு அடைத்துக்கொண்டது. மறு கையில் வேறு நரம்பைத் தயார் செய்தார்கள், அதுவும் அடைத்தது. கழுத்தில் குழாய் போட்டார்கள், சீழ் பிடித்தது. மறு பக்கம் போட்டார்கள். இப்போது இருப்பது மூன்றாவது. இது போனால் போட இடம் இல்லை என்று டாக்டர் படம் வரைந்து காட்டினார். அவள் நாற்பத்தொரு கிலோ இருக்கிறாள். நான் கொடுக்கலாம் என்றால் எனக்குச் சர்க்கரை. அவள் தம்பி செபாஸ்டியனுக்குப் பொருந்தியது. ஒரு வாரம் யோசித்தான், அவன் மனைவி ட்ரேசி வந்து அழுதாள், விட்டுவிட்டோம். அரசாங்கப் பட்டியலில் அவள் பெயர் வர இன்னும் பத்து வருஷம் ஆகும். நான் கோவிலில் முழங்காலில் நின்று கேட்டேன், எதைச் செய்தாலும் செய்கிறேன், இவளை மட்டும் விட்டுவிடு என்று. அப்படிக் கேட்ட அதே வாரம் தனேஸ்வரன் வந்தான்.

எல்ஸியை வேனிலிருந்து தூக்கிக்கொண்டு வந்து படுக்க வைத்துவிட்டு, சமையலறையில் தண்ணீர் குடித்தான். குவளையைக் கழுவி வைத்தான்.

"அண்ணே, எனக்கும் ஓ பாசிட்டிவ்தான். எனக்கு ரெண்டு இருக்குல்ல."

வேண்டாம் என்றேன். ஒரு தடவை சொன்னேன். நம் ஆட்கள் ஒரு குவளைத் தேத்தண்ணிக்கே மூன்று தடவை வேண்டாம் என்பார்கள். இரண்டாவது தடவை சொன்னால் அவன் கேட்டுக்கொண்டுவிடுவானோ என்று எனக்குப் பயமாக இருந்தது. எல்ஸி அழுதாள். பாப்பா அத்தை பெயரில் பூசைக்கு எழுதிக் கொடுக்கச் சொன்னாள். அவளுக்கு இதில் எதுவும் தெரியாது, தெரியவும் வேண்டாம்.

இதோடு பழைய வரலாற்றின் அச்சுப் பிரதி ஒன்றை இணைத்திருக்கிறேன். மற்றவர்களைத்தான் பழைய நகலை அழிக்கச் சொல்வேன், நான் அழிப்பதில்லை. அதில் இரண்டாவது பதிவைப் பாருங்கள். எழுதியவர் சில்வெஸ்டர் என்று இருக்கும். அத்தை சாவுக்குக் காரணமான வரி அதுதான். அதை எழுதியது நான், எடுத்து அவன் பெயரில் வைத்ததும் நான்.

மூன்றாவதாக ஒரு பதிவு இருப்பதையும் பார்ப்பீர்கள். அதை மறைத்துவிட்டு அச்செடுக்க நினைத்தேன். ஆனால் பதிவுகளுக்கு வரிசை எண் இருக்கிறது, ஒன்று குறைந்தால் உங்களுக்குத் தெரிந்துவிடும். அதுவும் என்னுடையதுதான். அத்தை இறப்பதற்குப் பன்னிரண்டு நாளுக்கு முன்னால் தேதி போட்டிருக்கும். 'எடை காலியாக இருந்தால் தப்பான அளவு வருகிறது. சரிசெய்ய வேண்டும்.' சன்னாசி என்று ஒரு நோயாளி, அவருக்கு எடை போடாமல் விட்டதில் கால் இழுத்துக்கொண்டு துடித்தார் என்று சிஸ்டர் ஜூலியானா எனக்குப் போனில் சொன்னார். வார இறுதியில் பார்க்கிறேன் என்றேன். அந்த வார இறுதியில் கோவில் திருவிழா, தோரணம் கட்டும் பொறுப்பு என்னுடையது. அடுத்த வாரம் பார்க்கலாம் என்று குறிப்பை மட்டும் எழுதி வைத்தேன். சனிக்கிழமை சீவும்போது இந்தக் குறிப்பை எங்கே சேர்ப்பது என்று தெரியவில்லை. தெரிந்தே விட்டுவிட்டேன் என்று படிக்கிறவர்கள் தப்பாகப் புரிந்துகொள்வார்கள். அதனால் அதை எடுத்துவிட்டேன். உண்மையைச் சொன்னால், அன்றைக்கு முதலில் எடுத்தது அதைத்தான். அதன் பிறகுதான் நிலையத்தைப் பற்றியும் நாற்பத்திரண்டு பேரைப் பற்றியும் யோசித்தேன்.

ஆக, குழுவின் ஆட்சேபணைக்கு இடமில்லை என்று நினைக்கிறேன். தனேஸ்வரன்மேல் ஒரு குற்றமும் இல்லை. குற்றமே இல்லாதவனுக்குக் குற்ற உணர்ச்சி இருப்பதாக எப்படிச் சொல்ல முடியும்? போலீஸ் என்றால் போலீஸ், எல்ஸி நல்லபடியாக வீடு திரும்பிய மறுநாள் நானே நடந்து போகிறேன்.

ஆகஸ்டு பதினாலாம் தேதி அறுவைச் சிகிச்சை செய்யலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அதுவரை இந்தக் கடிதத்தை அவனிடம் காட்ட வேண்டாம். தெரிந்தால் கொடுக்க மாட்டான் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. அவன் மனசு எனக்குத் தெரியும், தெரிந்தாலும் கொடுப்பான். ஆனால் அதிர்ச்சியில் இரத்த அழுத்தம் ஏறிவிட்டால் தேதியைத் தள்ளிப்போடுவார்கள், எல்ஸிக்கு அவ்வளவு நாள் இல்லை. பிறகு நானே பக்குவமாகச் சொல்லிக்கொள்கிறேன்.

நீங்கள் கொடுத்த படிவத்தையும் பூர்த்தி செய்து வைத்திருக்கிறேன். கொடுப்பவர் முழு மனதோடு, யாருடைய தூண்டுதலும் இல்லாமல் கொடுக்கிறாரா என்ற கேள்விக்கு ஆம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். பைபிள்மேல் கை வைத்தும் சொல்வேன் மேடம். அவனிடம் யாரும் எதையும் கேட்கவில்லை, அவனாகத்தான் வந்தான்.